எடையில் குறைவில்லை

ஜூன் 8, ஞாயிறு

காவிரிக்கரை நாணய அன்பர் கழகத்தின் மாதக் கூட்டம். வழக்கம்போல வந்தவர்களைவிட நாற்காலிகள் அதிகம்.

சென்னையிலிருந்து ஓர் இளைஞர் வந்து தரச்சான்று பற்றிப் பேசினார். நாணயத்தையோ ரூபாய்த் தாளையோ மும்பையில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. ஒன்றிலிருந்து எழுபதுக்குள் ஒரு எண் போட்டு, நாணயத்தைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பேழையில் வைத்து மூடி, உள்ளேயே ஒரு சீட்டும் வைத்து அனுப்பிவிடுவார்கள். உடைத்தாலொழியத் திறக்காது. உடைத்தால் சான்று செல்லாது. இனி வாங்குபவர் விற்பவரை நம்ப வேண்டியதில்லை, சீட்டை நம்பினால் போதும் என்றார்.

"அப்ப ஞாயித்துக்கெழம நாங்க சண்ட போட எடமே இல்லாமப் போயிடுமே தம்பி" என்றான் சவரிமுத்து.

சவரி பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவன். ரூபாய்த் தாள் சேகரிப்பவன். கழகத்தில் தர நிர்ணய உறுப்பினர் நான். யார் எந்த நாணயத்தைக் கொண்டுவந்தாலும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, தேய்மானம் இவ்வளவு, தரம் இவ்வளவு என்று சொல்வேன். சவரியைத் தவிர எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள்.

இன்றும் எழுந்தான். "யோவ் முத்திரை, ஒன் பன்றி ரூபாய அனுப்பேன், பாப்போம். அறுபத்தி ரெண்டு தாண்டாது."

நான் முத்திரை ஆய்வாளராக வேலை பார்த்தவன். கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து அரசு முத்திரை குத்துவது தொழில். கோதண்டபாணி என்ற பெயரை அவன் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"அறுபத்து நான்கு" என்றேன்.

ஆகஸ்ட் கூட்டத்தில் அவன் தன் தாளின் சீட்டையும் நான் என் நாணயத்தின் சீட்டையும் சபையில் உரக்கப் படிப்பது என்று முடிவாயிற்று. நான் சொன்ன எண் வராவிட்டால் பூதக்கண்ணாடியைக் கழகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். சம்மதித்தேன். எனக்குக் கவலை இல்லை. மற்றவர்களின் வெள்ளி வருடா வருடம் கறுத்துக்கொண்டே போகிறது. என்னுடையது மட்டும் வருடா வருடம் பளபளப்பு கூடுகிறது. பராமரிப்புதான் காரணம்.

ஜூன் 9, திங்கள்

விண்ணப்பம் நிரப்பினேன். நாணயம்: ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய். அந்த ஆண்டு மன்னரின் அங்கியில் பொறித்த யானைக்குத் தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டது. பார்த்தவர்களுக்குப் பன்றியாகத் தெரிந்தது. ராஜா பன்றியைச் சுமக்கிறார் என்று ஊரெல்லாம் புகைச்சல். அடுத்த ஆண்டே தும்பிக்கையை நீட்டித் திருத்திவிட்டார்கள். ஓர் அரசாங்கம் தன் தவற்றைத் தும்பிக்கையளவு ஒப்புக்கொண்ட சம்பவம் என்பதால் எனக்கு இந்த நாணயத்தின் மேல் தனி மதிப்பு.

'நாணயம் உங்களிடம் வந்த விதம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'குடும்ப வழி' என்று எழுதினேன்.

தையல்நாயகி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். என் பொழுதுபோக்கில் அவளுக்கு இந்த அளவு அக்கறை வந்து நான் பார்த்ததில்லை.

"என்னங்க, அந்த யானை ரூபாயவா அனுப்புறீங்க?"

"பன்றி ரூபாய்."

"ஏதோ ஒண்ணு. எப்பத் திரும்பி வரும்?"

"ரெண்டு மாதம் ஆகலாம்."

"நோன்புக்குள்ள வந்துருமில்ல?"

வரலட்சுமி நோன்பு ஆகஸ்ட் எட்டாம் தேதி. பெண்கள் காலத்தைப் பண்டிகைகளால் அளக்கிறார்கள். வந்துவிடும் என்றேன்.

ஜூன் 11, புதன்

கூரியர். பருத்திக் கையுறை போட்டு, பஞ்சு வைத்து, அட்டைப் பெட்டியில் கட்டினேன். ஒட்டுவதற்கு முன்னால் தையல் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றாள். தொடாமல் பார் என்றேன். ஒட்டிய பிறகு பொட்டலத்தை வாங்கி இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு கொடுத்தாள். கூரியர் கட்டணத்தைக் கேட்டபோது எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான் தோன்றியது.

"வரும்போது பெட்டியிலதான வரும்?"

"ஆமாம், பெட்டியில்தான்."

"சரி" என்றாள்.

ஜூன் 19, வியாழன்

மும்பையில் சேர்ந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 29, ஞாயிறு

ஏன் எழுபது, ஏன் நூறு இல்லை என்று சில நாட்களாக மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஒருவர், பழைய செப்புக் காசு ஒன்றின் மிக மோசமான பிரதிக்குக் கிடைத்த விலையைப்போல எழுபது மடங்கு மிக நல்ல பிரதிக்குக் கிடைத்ததைப் பார்த்து இந்தக் கணக்கை வகுத்தாராம். பிறகு விலைகள் எங்கெங்கோ போய்விட்டன. எழுபது மட்டும் நின்றுவிட்டது. அரசுப் பணியில் இருந்தவனுக்கு இதில் வியப்பில்லை.

அறுபதுக்கு மேல் என்றால் புழக்கத்துக்கே வராத நாணயம். அறுபத்து மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசம் ராஜாவின் கன்னத்தில் ஒரு கீறல். அந்தக் கீறலை மூன்று பேர் எப்படிப் பார்ப்பார்கள்? விளக்கை எந்தச் சாய்வில் பிடிப்பார்கள்? ஒருவர் காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால் ஓர் எண் குறையுமா? அறிய ஆவல்.

பயிற்சிக்காக நானும் பார்க்கிற பொருளுக்கெல்லாம் எண் போடத் தொடங்கியிருக்கிறேன். எதிர்வீட்டுக் கதவு நாற்பத்தைந்து, விளிம்பில் தேய்மானம். கீழ்வீட்டு மாப்பிள்ளை ஐம்பத்தெட்டு, புழங்கிய அடையாளம் லேசாகத் தெரிகிறது. இன்று காலை இட்லிக்கு அறுபத்தொன்று என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"ரிட்டயர் ஆயும் முத்திரை குத்துறத நிறுத்தலையே நீங்க" என்றாள் தையல். இரண்டாவது ஈடு வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கூட்டம். சவரியின் தாள் திரும்பி வந்துவிட்டது. பழைய பெரிய அளவு நூறு ரூபாய்த் தாள். மடிப்பே இல்லாதது என்று இத்தனை காலமும் பெருமையடித்தது. ஆகஸ்ட் வரை காத்திருக்க அவனுக்குப் பொறுமை இல்லை. பேழையை எடுத்தான், சீட்டைப் படித்தான், குரல் பாதியில் இறங்கிவிட்டது. மடிப்பு இருந்து, பின்னர் அழுத்தி நேராக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

பேழையைக் கவிழ்த்து மேசையில் வைத்தான்.

"ஒரே ஒரு தடவதான்யா அயர்ன் பண்ணேன்" என்றான். "மேல துணி போட்டுத்தான் பண்ணேன்."

"சூடு?" என்று கேட்டேன்.

"காட்டன்ல வச்சேன்."

யாரோ சிரித்தார்கள். நான் இல்லை.

"எங்கம்மாகிட்ட பொய் சொல்லிருக்கேன், பங்குச் சாமிகிட்ட சொல்லிருக்கேன். இந்த பம்பாய்க்காரன்கிட்ட முடியலய்யா" என்றான்.

தர நிர்ணய உறுப்பினர் என்ற முறையில் நான் சில வார்த்தைகள் பேசினேன். சேகரிப்பாளன் ஒரு காவலாளி மட்டுமே, பொருளின் மேல் காலம் படிவதைத் தடுக்க அவனுக்கு உரிமையில்லை, தேய்ப்பதும் துலக்குவதும் நேராக்குவதும் வரலாற்றை அழிக்கும் செயல், இதைக் கண்டுபிடிக்கத்தான் தரச்சான்று என்றேன். நன்றாக அமைந்த பேச்சு. சவரி கடைசி வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுதிவைத்திருக்கலாம் என்று பேருந்தில் தோன்றியது.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. தையல் பரணிலிருந்து பூஜைச் சாமான்களை இறக்கிவிட்டாள். அம்மனின் வெள்ளி முகம், குத்துவிளக்கு, கலசச் சொம்பு. செம்புக்கும் பித்தளைக்கும் புளி. வெள்ளிக்கு விபூதி. இடது கையில் அம்மன் முகத்தை ஏந்திக்கொண்டு, வலது கட்டை விரலால் விபூதியைத் தொட்டுத் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்கிறாள். அவளுடைய அம்மாவும் அப்படித்தான் தேய்ப்பாராம்.

விபூதி எவ்வளவு மென்மையாக இருந்தாலும் வெள்ளியின் மேல்தோலில் மயிரிழைக் கோடுகள் விழும், கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடிக்குத் தெரியும் என்று விளக்கினேன்.

"அம்பாள் பூதக்கண்ணாடி வச்சிப் பாக்க மாட்டா. பளபளன்னு இருந்தாப் போதும் அவளுக்கு." தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ரூபா எங்க இருக்கு இப்ப?"

கணினியில் பார்த்தேன். 'தர நிர்ணயத்தில்' என்றிருந்தது. சொன்னேன்.

"இன்னும் மூணு வெள்ளிதான் இருக்கு" என்றாள்.

வரவர என்னைவிட அவளுக்குத்தான் முடிவைத் தெரிந்துகொள்ளும் ஆர்வம் அதிகமாக இருக்கிறது. பெருமையாக இருந்தது.

ஜூலை 30, புதன்

மும்பையிலிருந்து மின்னஞ்சல். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து பார்த்தான்.

ஜூலை 31, வியாழன்

மோட்டார் சரியாகிவிட்டது.

மின்னஞ்சலில் இருந்தது இதுதான்: உண்மையான நாணயம். துலக்கப்பட்டது. எண் வழங்க இயலாது.

அறுபத்து நான்கு இல்லை. அறுபத்திரண்டும் இல்லை. எண்ணே இல்லை. துலக்கிய நாணயத்துக்கு எண் கொடுப்பதில்லை என்பது அவர்கள் விதி. இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் புகழ்ந்து பேசிய விதி.

நிறுவனத்துக்குத் தொலைபேசினேன். எடுத்த பெண்ணிடம் ஆங்கிலத்தில் தொடங்கினேன். என் ஆங்கிலத்தைக் கேட்டதும் அவள் தமிழுக்கு வந்துவிட்டாள். தாராவியில் பிறந்தவளாம், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கமாம்.

"ஐயா, உங்க காச நானும் பாத்தேன். ஒரிஜினல்தான், அதுல ஒண்ணும் சந்தேகம் இல்ல. ஆனா இது ஒரு தடவ தேச்சது கெடையாது. கோட்டு மேல கோடா கெடக்கு, பழசும் புதுசுமா. எல்லாம் ஒரே வாக்குல வட்ட வட்டமா. ஒரே ஆளுதான் வருஷா வருஷம் தேச்சிருக்காங்க."

"யார்?"

"அத நான் பம்பாய்ல இருந்து எப்பிடிய்யா சொல்லுவேன்? எழுத்து இடுக்குல செவப்பா பொடி இருக்கு. எனக்குக் குங்குமம் மாதிரிதான் தெரிஞ்சுது. எங்க வீட்டு பூசக் காசும் இப்பிடித்தான் இருக்கும்." பிறகு, தணிந்த குரலில், "பாசமா தேச்சிருக்காங்கய்யா. கீறல் ஒண்ணு கூட ஆழமா இல்ல" என்றாள்.

ராஜாவின் கன்னத்தை மூன்று பேர் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

விசாரணை. நாணயம் என் பொறுப்புக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இரும்பு பீரோ, உள் அறை, தனிப் பூட்டு. சாவி இருக்கும் இடம் எனக்கு மட்டுமே தெரியும். காலண்டருக்குப் பின்னால் ஆணியில். ஆண்டுக்கொரு முறை, ஜனவரிக் கண்காட்சிக்காக மட்டுமே வெளியே வரும். ஒருமுறை சவரி கையில் வாங்கிப் பார்த்திருக்கிறான். ஆனால் அவன் கைவசம் இருந்தது அயர்ன் பெட்டி. விபூதியும் குங்குமமும் அவன் வீட்டில் புழங்குவதில்லை.

ஆகவே இது முந்தைய உரிமையாளரின் வேலை. முந்தைய உரிமையாளர் என் மாமியார். இறந்துவிட்டார். விசாரணை முடிந்தது.

புதிய கோடுகள் எப்படி என்பது மட்டும் விளங்கவில்லை.

இரவு தையல் கேட்டாள்: "வந்துருச்சா?"

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வந்துவிட்டது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பேழை. நடுவில் ராஜா, தண்ணீருக்கடியில் இருப்பவரைப்போல அமைதியாக. மேலே சீட்டு. பேழை குறையொன்றும் இல்லாதது. பேழைக்கு மட்டும் எண் கொடுப்பார்களென்றால் எழுபது கொடுத்திருப்பார்கள்.

தையல் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். விளிம்பில் நகத்தை விட்டுப் பார்த்தாள்.

"இத எப்படித் திறக்கிறது?"

"திறக்கக் கூடாது. அதுதான் விஷயமே."

"பெட்டியில வரும்னுதான சொன்னீங்க?"

"இதுதான் பெட்டி."

"பெட்டின்னா திறக்கணும்ங்க."

பேழையை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. இரவு உப்புமா. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

உப்புமா.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாலையில் அம்மனை அழைப்பார்கள். கலசச் சொம்பில் பச்சரிசி, வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம், மஞ்சள், ஒரு வெள்ளிக் காசு. மேலே மாவிலையும் தேங்காயும் வைத்து, அம்மன் முகத்தைச் சார்த்துவார்கள். மணமான ஆண்டிலிருந்து பார்த்துவருகிறேன். சொம்புக்குள் எந்தக் காசு போகிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. அது என் துறை அல்ல.

கூடத்துக்குப் போனபோது தையல் பேழையைச் சொம்பின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். நேராக வைத்துப் பார்த்தாள், குறுக்காக வைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

"என்ன செய்கிறாய்?"

"பாத்தாத் தெரியல?"

"பீரோவில் எத்தனையோ வெள்ளி ரூபாய் இருக்கிறது. ஒன்றை எடுத்துக்கொள்ளேன். உன் நகைப் பெட்டியில்கூட 1917 ரூபாய் ஒன்று இருக்குமே. அதே வெள்ளி, அதே எடை. எடையில் குறைவில்லை."

"தெரியும். அன்னிக்கும் எடை போட்டுப் பாத்துட்டுத்தான் மாத்துனீங்க."

இங்கே ஒரு விளக்கம் தேவை. முதல் நோன்புக்கு என் மாமியார் தன் மகளுக்குக் கொடுத்தது 1911ஆம் ஆண்டு ரூபாய். அது எப்படிப்பட்டது என்று வீட்டில் யாருக்கும் தெரியாத நிலையில், அதன் பாதுகாப்பைக் கருதி, சம எடையுள்ள வேறொரு ரூபாயை அதன் இடத்தில் வைத்துவிட்டு இதை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். அலுவலகத் தராசில் நிறுத்துத்தான் செய்தேன். இதைப் பற்றிப் பேசும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

"உனக்கு எப்போது தெரியும்?"

"மறுநாளே. எங்கம்மா குடுத்த காசு எனக்குத் தெரியாதா? அதுல யானை பன்னியாட்டம் இருக்கும். நீங்க வச்சதுல யானை யானையா இருந்துச்சு."

"பிறகு?"

"பிறகென்ன. நோன்புக்கு மொத நாள் காலண்டருக்குப் பின்னால இருந்து சாவிய எடுப்பேன். அம்மா தேச்ச மாதிரியே தேச்சு, குங்குமம் வச்சு, சொம்புல போடுவேன். எல்லாம் முடிஞ்சதும் கழுவித் தொடச்சு ஒங்க பீரோவுல வச்சிடுவேன்."

"எல்லா வருடமுமா?"

"ஒரு வருஷமும் விட்டதில்ல."

"திருப்பி ஏன் வைத்தாய்?"

அவள் சற்று யோசித்தாள். இதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"ஒங்களுக்கு வருஷம் பூரா வேணும். எனக்கு ஒருநாள் போதும்."

"என்னிடம் கேட்டிருக்கலாமே."

"நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன். நீங்க கேக்கல. நானும் கேக்கல." பேழையை என் கையில் வைத்தாள். "இதுக்கு மேல என்னால ஆகாது. நுழையல. பன்னியோ யானையோ, வராகமும் பெருமாள்தான், மகாலட்சுமிக்கு ஆகாம இல்ல. பிளாஸ்டிக் டப்பாக்குள்ள உக்காந்துக்கிட்டா ஆகாது."

ஞாயிற்றுக்கிழமை சபையில் காட்ட வேண்டிய பேழை. இல்லாமல் போனால் சவரி என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். காசு போலி என்று வந்திருக்கும், அதனால்தான் கொண்டுவரவில்லை என்பான். ஜனவரிக் கண்காட்சி வரை சொல்வான். துலக்கப்பட்டதானாலும் உண்மையானது என்பதற்கு உலகில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பேழை.

வாசலில் எதிர்வீட்டுப் பெண் தேங்காய் கேட்டு வந்துவிட்டுப் போனாள். அடுப்பில் பாயசம் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. தையல் போய்க் கிளறவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

சமையலறை ஜன்னலோரம் ஒரு கிலோ எடைக்கல் ஒன்று இருக்கிறது. பணி ஓய்வின்போது நினைவாகக் கொடுத்தது. அடியில் ஈயத்தில் என் கையால் நானே குத்திய முத்திரை உண்டு. அதை எடுத்துவந்து, பேழையைத் துணியில் சுற்றி, தரையில் வைத்து அடித்தேன். முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. நல்ல தயாரிப்பு. மூன்றாவதில் திறந்தது.

நாணயத்தை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. விபூதிக் கிண்ணத்தை என் பக்கமாக நகர்த்திவைத்தாள்.

"நீங்களே தேய்ங்க. எனக்குப் பாயசம் இருக்கு."

தேய்த்தேன். கையுறை இல்லாமல். கட்டை விரலால், சின்னச் சின்ன வட்டமாக. இத்தனை ஆண்டுகளாகக் கண்ணாடி வழியாகவே பார்த்த ராஜாவின் கிரீடமும் தாடியும் விரலுக்கு வேறு மாதிரி இருந்தன. அங்கியின் மேல் பன்றி சற்று உயர்ந்து நிற்கிறது. தொட்டால் தெரிகிறது. எந்தப் புத்தகத்திலும் இதைப் போடவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நோன்பு. கொழுக்கட்டை நன்றாக இருந்தது. எண் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கூட்டம். பேழையின் துண்டுகளிலிருந்து சீட்டை எடுத்து வைத்திருந்தேன். அதை மட்டும் கொண்டுபோனேன். எழுந்து நின்று உரக்கப் படித்தேன். உண்மையான நாணயம். துலக்கப்பட்டது. எண் இல்லை.

பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தேன்.

"காசு எங்கய்யா?" என்றான் சவரி.

"விபூதியால் தேய்த்துக் கலசத்தில் போட்டிருந்தது."

"கலசத்துலயா? டப்பாவோடவா?"

"உடைத்துவிட்டேன்."

சீட்டை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். ரூபாய்த் தாள் பார்க்கிறவன் எதையும் அப்படித்தான் பார்ப்பான். "காசு இல்லாம வெறுஞ் சீட்ட வச்சிக்கிட்டு இது ஒரிஜினல்னு நாங்க எப்படி நம்புறது? ஒன்கிட்ட எப்படி வந்துச்சு அது?"

"குடும்ப வழி."

"யாரு குடும்பம்?"

"என் மனைவியுடையது. காசும் அவளுடையதுதான்."

கேலி செய்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் சீட்டை மடிக்காமல் கவனமாகத் திருப்பித் தந்தான். "நீ தேச்ச, நான் தேச்சேன். ஒனக்கு விபூதி, எனக்கு கரண்டு" என்றான். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டான். "இத வேற யாருகிட்ட குடுக்கிறது? இங்க இருக்கிற எவனுக்கும் ஒழுங்காக் கண்ணு தெரியாது. ஒனக்கும்தான் தெரியல. ஆனாப் பழகிடுச்சு."

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் பீரோவைத் திறந்தேன். நாணயம் அதன் இடத்தில், அதன் உறையில் இருந்தது. கழுவித் துடைத்து. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. சாவி காலண்டருக்குப் பின்னால்தான் இருந்தது.

எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இந்தா. உன் பெட்டியிலேயே இருக்கட்டும். ஜனவரியில் கண்காட்சிக்கு ஒருநாள் வேண்டும். கேட்கிறேன்."

நிமிர்ந்து பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். மும்பையில் அந்த மூன்று பேரும் இப்படித்தான் சாய்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

"சரியாத் தேய்க்கலீங்க. நான் கழுவியும் போகல. ராஜா காதுல விபூதி நிக்குது பாருங்க."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நிற்கத்தான் நிற்கிறது.